போணி ஆகும்வரை

பதினாறு வருடம் உழைத்த அலுவலகம் ஒரே மின்னஞ்சலில் என்னைக் கைகழுவியபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். எங்கெங்கோ விண்ணப்பம் போட்டேன். நேரில் கூப்பிட்டவர்கள் என் தலைமுடியைப் பார்த்ததும் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்கள்.

கடைசியில் சிங்கப்பூர் தேக்காவில் ஒரு புடவைக் கடையில் ஐந்து வாரத்துக்கு வேலை கிடைத்தது, தீபாவளி வரைக்கும். தற்காலிகமாகச் சேர்ந்த ஆறு பேரில் ஒருவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக முதலாளி சொல்லியிருந்தார். அந்த ஒருவர் நானாக இருக்க வேண்டும். மாதாவிடம் வேறு எதையும் நான் கேட்கவில்லை.

கடையில் ஒரு கண்டிப்பு இருந்தது. அன்றைய போணி மங்கலமாக ஆக வேண்டும். இழவு வீட்டுக்குக் கோடி எடுக்க வருபவர்களுக்கு முதல் விற்பனை கிடையாது. வேறு யாராவது வாங்கும்வரை அவர்களை நிறுத்தி வைக்க வேண்டும். "மனசு நோகாம ஏதாச்சும் காரணம் சொல்லுங்கம்மா," என்பார் முதலாளி. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் வாயைத் திறப்பேனா!

நான்காவது வாரத்தில் ஒருநாள், கடை திறந்ததும் ஒரு பெண் வந்தார். நான் விரித்த முதல் புடவையையே எடுத்துக்கொண்டார். முந்தானையைப் பார்க்கவில்லை, விலை கேட்கவில்லை. தீபாவளிக்கு அப்படி யார் வாங்குவார்கள்?

"வீட்டுல விசேஷமாக்கா?" என்றேன்.

"எங்க அக்காவுக்குக் கோடி. பொறந்த வீட்டுல நான் ஒருத்திதான். பன்னண்டு மணிக்கு எடுக்குறாங்க, ஜூரோங் போகணும். சீக்கிரம் பில் போடுங்க."

கல்லாவிலிருந்த முதலாளி என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினார்.

"மெஷின் இன்னும் ஓபன் ஆகலக்கா. ரெண்டு நிமிஷம் உட்காருங்க."

எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய்! அவர் நம்பி உட்கார்ந்தார். இந்தச் சீசனில் கூட்டம் மாலையில்தான் வரும். பத்தரை ஆயிற்று. பத்தேமுக்கால். நான் வாசலைப் பார்த்தேன், அவர் கைப்பேசியைப் பார்த்தார். எங்கள் மாதா கோவில்காரர்களும் கோடி போடுகிறவர்கள்தான். என் அம்மாவின் பெட்டியை மூடாமல் மாமாவின் கோடிக்காகக் காத்திருந்த அந்த அரை மணி நேரம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதை நினைத்துக்கொண்டேதான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இன்னுமா சரியாகல? வேற கடை பாக்கட்டுமா?"

"இதோ, ஆயிடும்கா."

பதினொன்றேகாலுக்கு ஒரு தம்பதி வந்தார்கள். பிள்ளைக்குப் பாவாடை. பச்சையா, நீலமா என்று ஆற அமர யோசித்து நீலத்தை எடுத்தார்கள். மெஷின் உடனே பில்லைத் துப்பியது.

அந்தப் பெண் எழுந்து வந்தார். பில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மெஷின் நல்லாத்தானே இருக்கு?"

நான் புடவையைப் பைக்குள் வைப்பதிலேயே மும்முரமாக இருந்தேன். அவர் பணத்தை வைத்துவிட்டு, பையைப் பிடுங்கிக்கொண்டு டாக்சிக்கு ஓடினார். மணி பதினொன்று முப்பத்தைந்து. போய்ச் சேர்ந்தாரா, பெட்டியை மூடிவிட்டார்களா, எனக்குத் தெரியாது.

கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளிக்குக் கைக்குட்டைகள் தொங்கும். என் காசில் ஒன்றை வாங்கியிருந்தால் போணி ஆகியிருக்கும், அவரும் பத்து மணிக்கே போயிருப்பார். அது தோன்றவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோன்றியது. எதிர்த்து நிற்கிறேன் என்று முதலாளி நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். அவ்வளவுதான்.

மத்தியானம் முதலாளி கூப்பிட்டார்.

"கடை முறை தெரிஞ்சு நடந்துக்கிறீங்கம்மா. தீபாவளிக்கு அப்புறமும் வந்துடுங்கலா."

"ரொம்ப தேங்க்ஸ் பாஸ்," என்று இரண்டு கையையும் கூப்பினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று ஈசூன் போய்ச் சேரும்வரை ரயிலில் அழுதேன். மறுநாள் காலை, கடை திறப்பதற்கு அரை மணி முன்பே வேலைக்கு முதல் ஆளாகப் போய் வாசலில் நின்றேன்.