பேனலில் தம்பியின் முகம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபோது பேச்சு மட்டும் எந்தச் சேதமும் இல்லாமல் தப்பித்தது. இது பெரிய அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். அவர் எங்கள் வீட்டில் ஒரு நாள் தங்கிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

அப்பா குன்னூர்ப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் பீல்டு ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வரிசையாக நிற்கும் ஆட்களில் யாரைத் திட்டினால் மற்ற எல்லோரும் நடுங்குவார்கள் என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஓய்வுக்குப் பிறகு திட்ட ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயம் பார்த்து என் புருஷன் என்னை விட்டுவிட்டுப் போனான். நான் பெட்டியோடு திரும்பி வந்தேன். அப்பாவின் குறை தீர்ந்தது.

எனக்கு ஒரு தம்பி இருக்கிறான், பெங்களூரில். ராத்திரி பஸ் ஏறினால் விடிந்ததும் இங்கே இறங்கலாம். ஏற மாட்டான். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். அப்பாவுக்கு அவன்தான் பிள்ளை. மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் வேட்டி மாற்றிவிடுவதும் நான். அதையெல்லாம் யாரோ செய்கிறார்கள் என்ற அளவில்தான் அவர் கவனித்தார்.

போனை அவரால் பிடிக்க முடியவில்லை. இடது கையில் வைத்துக்கொண்டால் தொடுவதற்கு இன்னொரு கை இல்லை. கண்ணும் மங்கிப்போயிருந்தது. தம்பியோடு பேச ஏதாவது வழி செய் என்று ஓயாமல் கேட்டார். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவள். அங்கே கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து துடைத்தேன். அதில் விண்டோஸ் ஏற்றினால் கட்டபெட்டு ஏற்றத்தில் ஓவர்லோடு லாரி போல முக்கும். அதனால் லினக்ஸ் போட்டேன், அதிலும் எடை குறைந்த டெஸ்க்டாப் ஒன்று. திரைக்கு மேலே ஒரு கேமராவைச் சொருகினேன். மவுசை இடது கைக்கு மாற்றினேன்.

திரையின் அடியில் பட்டையாக ஓடுகிறதே, அதற்குப் பேனல் என்று பெயர். அதை என்னால் முடிந்த மட்டும் அகலமாக்கினேன். மெனு, ஒலி, நெட்வொர்க் என்று அவருக்குத் தேவையில்லாத சாமான்களை எல்லாம் எடுத்தேன். கடிகாரத்தை மட்டும் விட்டுவைத்தேன். பிறகு பெரிய பெரிய பொத்தான்களாக லாஞ்சர்கள் வைத்தேன். லாஞ்சர் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு பெயர், ஒரு கட்டளை, ஒரு படம், அவ்வளவுதான். அழுத்தினால் அந்தக் கட்டளை ஓடும். பேப்பர் படிக்க ஒன்று, பழைய பாட்டுக்கு ஒன்று, கடைசியாகத் தம்பிக்கு ஒன்று. அதற்கென்றே அழைப்புச் செயலி ஒன்றைத் தம்பியின் போனிலும் ஏற்ற வைத்தேன். பொத்தானை அழுத்தினால் நேரே அவன் போனில் வீடியோ மணி அடிக்கும். படம் வைக்க வேண்டிய இடத்தில் அவன் கல்யாண போட்டோவிலிருந்து முகத்தை வெட்டி வைத்தேன். மாலையை வெட்டிவிட்டேன், அவ்வளவு சின்ன இடத்தில் மாலை போட்ட முகம் செத்தவன் படம் மாதிரி இருந்தது.

அப்பா திரைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்த்தார். அவனை எதற்குக் கடைசியில் வைத்தாய் என்று கேட்டார். மவுசை வலது சொடுக்கி, நகர்த்தி, முதல் இடத்துக்குக் கொண்டுவந்தேன். பகலில் நான் ஸ்கூலில் இருப்பேன், அவசரத்துக்கு என்னைக் கூப்பிடவும் ஒன்று வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"உன்னயக் கூப்பிட்டு என்ன பண்ணறது?" என்றார்.

வைக்கவில்லை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்பா அழுத்துவார், தம்பி திரையில் வருவான், இவர் வாய் கோணச் சிரிப்பார். பிறகு வெளியே பனிமஞ்சு இறங்கினால் அழுத்தினார். வெயில் அடித்தால் அழுத்தினார். தோட்டத்தில் காட்டெருமை வந்து நின்றால் அதைச் சொல்ல அழுத்தினார். தம்பி எடுக்கும்போது அவன் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பான். ஓரமாகப் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைப்பான். பிறகு எப்போதாவது எடுத்தான். பிறகு என்னைக் கூப்பிட்டுச் சலித்துக்கொண்டான். அப்பாவின் எச்சில் வழிகிற வாயைப் பக்கத்து சீட்டில் இருக்கிறவர்கள் பார்க்கிறார்களாம். அவனுக்குக் கூச்சமாக இருக்கிறதாம். அந்த வாயைத் துடைக்கிறவளிடம் இதைச் சொன்னான்.

அந்த நேரத்தில்தான் பேப்பர் பொத்தான் காணாமல் போயிற்று. அப்பாவே தப்பாக ஏதோ சொடுக்கி அதை நீக்கியிருந்தார். ஆனால் பழி என் மேல் விழுந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். எங்கள் வீட்டில் மருமகள் இல்லாததால் அந்தப் பதவியும் எனக்கே. திட்டு வாங்கிக்கொண்டே திரும்ப வைத்துக் கொடுத்தேன். இந்தக் கூத்தைத் தம்பியிடம் சிரிப்புக்காகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. யோசித்தான்.

"அக்கா, அந்தப் பேப்பர் போன மாதிரியே என்னோடதையும் எடுத்துருங்க" என்றான்.

நீயே உன் போனில் தடுத்துவிடேன் என்றேன். அப்படிச் செய்தால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும், மனசு நொந்துபோவார் என்றான். இப்படி என்றால் பழி மெஷின் மேல் போய்விடும் என்றான். பழி எந்த மெஷின் மேல் போகும் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

சரி என்றேன். அவனுக்காக ஒத்துக்கொண்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்பா அந்த முகத்தைத் தேடித் தவிப்பதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் போல இருந்தது.

அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது தம்பியின் முகத்தின் மேல் மவுசைக் கொண்டுபோய் நீக்கு என்பதை அழுத்தினேன். உடனே ஒரு சின்னப் பெட்டி வந்தது. நிச்சயமாக நீக்க வேண்டுமா, பேனலிலிருந்து எடுத்தால் இது நிரந்தரமாகப் போய்விடும் என்று கேட்டது. கம்ப்யூட்டருக்கு இருக்கிற மரியாதை மனிதர்களுக்கு இல்லை. என்னை நீக்கியவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆமாம் என்று அழுத்தினேன்.

தவித்தார். நான் நினைத்ததை விட அதிகமாகவே தவித்தார். பேப்பரை அழுத்திப் பார்த்தார், பாட்டை அழுத்திப் பார்த்தார், பேனலில் காலியாகக் கிடந்த இடத்தைக்கூட அழுத்திப் பார்த்தார். எனக்குத் திருப்தியாக இருக்கவில்லை. காரணம், அவர் அதோடு நிற்கவில்லை. காலையில் கஞ்சி குடிக்கும்போது என்னைத் திட்டினார், மத்தியானத்துக்கு வேண்டியதை நான் வைத்துவிட்டுக் கிளம்பும்போது திட்டினார், சாயங்காலம் வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தார். ரிப்பேர் ஆகிவிட்டது, சரியாக வராது என்று ஒரே பதிலைச் சொன்னேன். தம்பியும் போன் செய்து விசாரித்தான். அப்பா நம்பிவிட்டாரா என்று கேட்டான். நம்பிவிட்டார் என்றேன். தேங்க்ஸ் என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலை உயர்த்தாமல், சாதாரணமாகச் சொன்னார்.

"ஒரு பொத்தானையே உன்னால நிக்க வெக்க முடியல. புருஷன எங்க நிக்க வெச்சிருப்ப."

நகவெட்டியைக் கீழே வைத்தேன். அவர் நாற்காலியைக் கம்ப்யூட்டருக்கு நேராக இழுத்துப் போட்டேன். அவர் கண் முன்னாலேயே பேனலில் புதிய லாஞ்சர் ஒன்றைச் சேர்த்தேன். பெயர் எழுதினேன். கட்டளை எழுதினேன். தம்பியின் முகத்தைத் தேடி எடுத்து ஒட்டினேன். அதை நகர்த்தி முதல் இடத்தில் வைத்தேன். எல்லாவற்றையும் வாத்தியார் பாடம் நடத்துகிற மாதிரி உரக்கச் சொல்லிக்கொண்டே செய்தேன்.

"பொத்தான் நிக்குதுங்கப்பா. அழுத்துங்க."

அழுத்தினார். மணி போனது. யாரும் எடுக்கவில்லை, அழைப்பு நின்றது. இன்னொரு தடவை அழுத்துங்கள் என்றேன். அழுத்தினார். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அழுத்துங்கள், அழுத்துங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்த பிறகும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைங்கப்பா, மீட்டிங் எதுவும் இருக்காது என்றும் சொன்னேன்.

அப்போது மேஜை மேல் இருந்த என் போன் அடித்தது. திரை முழுக்கத் தம்பியின் முகம். நான் எடுக்கவில்லை. போனை அப்பாவின் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டேன். மங்கிய கண்தான், ஆனாலும் அவ்வளவு பக்கத்தில் தெரியாமல் இருக்காது. கம்ப்யூட்டரில் இருக்கிற முகத்தைப் பார்த்தார், போனில் இருக்கிற முகத்தைப் பார்த்தார். கையை மவுசிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எஸ்டேட்டில் ஆயிரம் பொய்யைக் கேட்டுப் பழகியவர்; அவருக்கு விளங்க நேரம் ஆகவில்லை.

அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எடுத்துப் பேசு" என்றார். "நான் கூப்பிடலைன்னு சொல்லு. கம்ப்யூட்டரத் தொடைக்கறப்ப நீதான் தெரியாம அழுத்திப்போட்டேன்னு சொல்லு. நான் தூங்கறேன்னு சொல்லு."

எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். தம்பி கத்தினான். எடுத்துவிட்டேன் என்று சொன்னதை எதற்குத் திரும்ப வைத்தீர்கள், அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதா என்று கேட்டான். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்பா தூங்குகிறார், கம்ப்யூட்டரைத் துடைக்கும்போது நான்தான் தெரியாமல் அழுத்திவிட்டேன் என்றேன்.

"ஒரு வேலையையும் உருப்படியாப் பண்ணத் தெரியாதாக்கா உங்களுக்கு?" என்று சொல்லிவிட்டுத் தம்பி வைத்தான்.

அப்பா மூச்சு விட்டார். நல்ல கையை நீட்டி என் முழங்கையைத் தட்டினார்.

"நல்லாச் சொன்ன, புள்ள" என்றார்.

அப்பா என்னை மெச்சியது அந்த ஒரு தடவைதான்.