கேட்டுக்கு முன்னால் இரண்டு பம்பர்

எங்கள் வழக்கத்தில் தாலியின் முதல் இரண்டு முடிச்சை மாப்பிள்ளை போடுவான், மூன்றாவது நாத்தனாருடையது. என் தம்பிக்கு அக்கா நான் ஒருத்திதான். அந்த ஒரு முடிச்சுக்காகக் கடை கடையாக ஏறிப் பட்டுப்புடவை எடுத்தேன். அதில் மண்ணைப் போட வந்தவை இரண்டு பிக்கப் வண்டிகள்.

கறுப்பு வண்டி என் வீட்டுக்காரருடையது, தாம்பரத்தில் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். வெள்ளை வண்டி கேளம்பாக்கத்தில் இருக்கும் என் அண்ணனுடையது. உழுத நிலத்தை பிளாட் போட்டு விற்றுவிட்டு, சேற்றில் ஓட்டவென்று வண்டி வாங்கிய புண்ணியவான்கள்! மலை ஏறும், ஆறு தாண்டும் என்பார்கள்; ஏறியதெல்லாம் மேம்பாலம். ஒரு முறை காலி மைதானத்தில் பந்தயம் விட்டார்கள். மணலில் வெள்ளை முந்தியது, சேற்றில் கறுப்பு முந்தியது. அதோடு விட்டார்களா? ஞாயிற்றுக்கிழமை பிரியாணி ஆறிப்போகும், பேச்சு ஆறாது.

“மச்சான், உன்து உயரம் கம்மி. ஸ்பீடு பிரேக்கருக்கே வயிறு இடிக்குது.”

“மாப்ள, உன்து பிக்கப் எடுக்கறதுக்குள்ள நான் டீ குட்ச்சிட்டு வந்துருவேன்.”

கல்யாண மண்டபம் பெரும்பாக்கம் பக்கம், ஒரு சந்துக்குள். விடிந்ததும் நகை எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்த என்னை என் வீட்டுக்காரர் கறுப்பு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். யார் வண்டி முதலில் மண்டபத்து கேட்டுக்குள் நுழைகிறது என்று அண்ணனோடு பந்தயம் கட்டியிருக்கிறார் என்பது, அவர் ஓட்டிய ஓட்டத்தில்தான் எனக்குப் புரிந்தது.

சந்தின் இந்த முனையிலிருந்து நாங்கள், அந்த முனையிலிருந்து அண்ணன். கேட்டுக்கு நேரே இரண்டு பம்பரும் முட்டாத குறையாக நின்றன. யாராவது பின்வாங்கினால்தான் யாராவது உள்ளே திரும்ப முடியும்.

“மாப்ள, ரிவர்ஸ் எடு.”

“நீ எடு மச்சான். என் வண்டி முன்னாடி போறதுக்கு வாங்கினது.”

இந்த வீம்புக்குள் இருவர் பின்னாலும் கார்கள் வந்து அடைத்துக்கொண்டன. இனி அவர்களே நினைத்தாலும் ரிவர்ஸ் எடுக்க முடியாது. கதவைத் திறந்தேன், கொஞ்சம் திறந்து சுவரில் இடித்தது. ஒல்லி ஆள் என்றால் நழுவி இறங்கிவிடலாம். நான் ஒல்லி ஆள் இல்லை. ஜன்னல் வழியாக முயன்றதில் தலையும் கொண்டையும் மட்டும் வெளியே வந்தன.

அப்போது கெட்டிமேளம் கேட்டது. கூடப்பிறந்தவன் கல்யாணத்தில் நான் கேட்டுக்கு வெளியே ஏசியில் உட்கார்ந்து அழுகிறேன்.

“நாலு சக்கரமும் இழுக்கும்னு பீத்திக்கினீங்களே, என்னை ஒரு வாசப்படி தாண்ட வெச்சுதா?” என்று கத்தினேன்.

மேளம் நின்றது. சுவரோரமாக ஒருக்களித்தபடி யாரோ வந்தார்கள். மணப்பெண்! மஞ்சள் கயிற்றின் நுனிகளை அவள் கழுத்துக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு என் தம்பி.

“அண்ணி, ரெண்டு முடிச்சு போட்டாச்சு. மூணாவதுல யாரும் கை வெக்கக் கூடாதுன்னு உங்க தம்பி சொல்லிட்டாரு” என்றாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். நான் கையை வெளியே நீட்டி முடிச்சுப் போட்டேன். மேளக்காரர்கள் கேட்டுக்கே வந்து வாசித்தார்கள். அட்சதை பாதி பெண் தலையில், பாதி பானெட்டில்.

அப்போது போட்டோக்காரர் எடுத்த படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. முக்கால் படம் பம்பர்தான். நாங்கள் மூன்று பேரும் ஒரு மூலையில். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரும் அண்ணனும் அதன் முன்னால் வெகுநேரம் பேசாமல் நின்றார்கள். சரி, இவர்களுக்கும் உறைத்துவிட்டது போல என்று காபியோடு பக்கத்தில் போனேன்.

“நல்லா பாரு மச்சான்,” என்றார் என் வீட்டுக்காரர், “கேட்டாண்ட யார் பம்பர் முன்னாடி கீது?”