கூட்டாளி வீட்டுக் கதையை ஆடிய நாள்

எனக்கு எழுபத்துமூன்று வயது ஆகிறது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு நான் பெற்றவை, ஒன்று செத்துப்போன என் தங்கை பெற்றது. ஐந்து பேரும் ஓசூரிலும் திருப்பூரிலுமாக இருக்கிறார்கள். நான் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் என் வீட்டில் இருக்கிறேன். வா வா என்று கூப்பிடுகிறார்கள். போனால் நாலு நாள். அதற்கு மேல் கால் தரிக்காது.

போன மாதம் எழுத்தறிவுத் திட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து, புதிதாகப் பாடம் சொல்லப் போகிறவர்களுக்கு ஒரு புத்தகம் போடுகிறோம் என்று என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னாள். நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவள். ஆனாலும் வாயால் சொல்லி இன்னொருவர் எழுதுவதற்கு மனசு ஒப்பவில்லை. மெதுவாக நானே எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்கு முதியோர் வகுப்பு வந்தபோது பாடம் சொல்ல ஒரு பெண் பிள்ளை கிடைக்கவில்லை. நான் சொல்கிறேன் என்று எழுந்தேன். நாளைக்கு நடத்தப்போகிற பக்கத்தை இன்றைக்கு என் மகனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். களை வெட்டிவிட்டு வந்த பெண்கள் கோவில் மண்டபத்தில் சாயங்காலம் உட்காருவார்கள். அதில் முதலில் தன் பெயரை எழுதியவள் என் கூட்டாளி. இரண்டு தெரு தள்ளி வீடு. என்னைவிட மூன்று வயது சின்னவள், வெண்கலக் குரல்.

எழுத்து மட்டும் சொன்னால் பெண்கள் தூங்கிப்போனார்கள். பாட்டும் நாடகமும் சேர்த்தோம். அப்படியே ஆறு பேர் ஒரு குழுவானோம், நான் தலைவி. அரூர், கம்பைநல்லூர், பாலக்கோடு என்று சுற்றாத ஊர் இல்லை.

எங்கள் நாடகத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆடப்போகிற ஊருக்கு மத்தியானமே போய் இறங்குவோம். குழாயடியில் பெண்களோடு உட்கார்ந்து அந்த ஊர்ச் சங்கதியைக் கேட்டுக்கொள்வோம். சாயங்காலம் பேரை மட்டும் விட்டுவிட்டு அதையே ஆடுவோம். கம்பைநல்லூர்ப் பக்கம் ஓர் ஊரில், பெண்டாட்டி வளர்த்த ஆட்டை விற்றுக் குடித்தவன் கதையை ஆடினோம். கூட்டத்தில் ஒருத்தர் எழுந்து, "ஆட்ட வித்தத எந்தக் கழுத ஒங்ககிட்ட சொன்னது?" என்று கத்தினார். அதுவரைக்கும் அது அவர்தான் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. என் கூட்டாளி கூத்தை நிறுத்தாமல், "நாங்க கேக்கலீங்க மாமா, ஆடே வந்து சொல்லிச்சு" என்றாள். ஊரே சிரித்தது.

எனக்குப் பெருமை ஏறியது. மேடை மேடையாகச் சால்வை போட்டார்கள்.

இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், நிலக்கடலை பறித்துக்கொண்டிருந்தபோது கூட்டாளி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, எம் பொண்ண அவரு அக்கா மவனுக்குப் பேசிட்டாரு. பத்தாவது பரீச்ச கூட எழுதல அது. நீ ஒருக்கா வூட்டுக்கு வந்து அவருகிட்ட பேசுக்கா. நீ சொன்னா கேப்பாரு."

"பாக்கலான்டி" என்றேன்.

போயிருக்க வேண்டும். அந்த வாரம் எங்கள் ஊரிலேயே நாடகம். பெரிய அதிகாரிகள் வருகிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். என் புத்தி அதிலேயே இருந்தது. வெளியூரில் செய்கிற மாதிரியே சொந்த ஊரிலும் செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை.

அன்று அவள் தாய் வேடம், நான் டீச்சர். நடுவில் நான் வழக்கமான பேச்சை விட்டுவிட்டு, "பத்தாவது படிக்கிற புள்ளைய நாத்தனார் மவனுக்குக் கட்டிக்குடுக்கறியே, ஒனக்கு என்னாடி அவசரம்?" என்று கேட்டேன்.

எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் அவள். அன்று வாய் திறக்கவில்லை. வசனம் மறந்துவிட்டாள் என்று கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் வீட்டுக்காரர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். அப்புறம்தான் சிரிப்பு நின்றது. அவளும் இறங்கிப் போய்விட்டாள். மிச்சத்தை நான் ஒருத்தியே பேசி முடித்தேன்.

நாடகம் பார்த்த அதிகாரிகள் மறுநாளே அவள் வீட்டுக்குப் போய், பதினெட்டு வயசு ஆகும்வரை கட்டிக்கொடுக்க மாட்டோம் என்று எழுதி வாங்கினார்கள். கல்யாணம் நின்றது. பெண் படித்தது. இன்றைக்குத் தருமபுரியில் நர்ஸ் வேலை பார்க்கிறது. என்னை எல்லாரும் மெச்சினார்கள்.

மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"எம் பொண்ணுக்கு நல்லதுதாங்கா செஞ்ச. ஆனா நான் ஒன்ன வூட்டுக்குத்தான் கூப்புட்டேன். தெருவுக்குக் கூப்புடல."

மன்னித்துக்கொள் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு அது வரவில்லை. "ஒனக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்ததே நாந்தான்டி, ஞாபகம் வெச்சுக்க" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தக்கூட இல்லை. திறந்த கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகும் குழு மூன்று வருடம் ஓடியது. பாட்டுக்கு வேறு ஆள் வைத்தேன், சரிப்படவில்லை. ஒருத்தி செத்துப்போனாள். மற்றவர்கள் பிள்ளைகளோடு பெங்களூர் போனார்கள். எனக்குப் போட்ட சால்வைகள் பெட்டியில் இருக்கின்றன. சரிகை குத்துவதால் குளிருக்குப் போர்த்தவும் ஆவதில்லை. ரேஷன் கடை வரிசையில் அவள் எனக்கு நாலு ஆள் முன்னால் நிற்பாள். பின்கழுத்தைப் பார்த்தே அவளுக்குக் காய்ச்சலா சுகமா என்று சொல்லிவிடுவேன். அவளும் திரும்பமாட்டாள், நானும் கூப்பிடமாட்டேன். அவள் வீட்டுக்காரர் செத்தபோது போனேன். கூட்டத்தோடு உட்கார்ந்துவிட்டுக் கூட்டத்தோடு எழுந்து வந்தேன். பகலெல்லாம் டிவி பேசுகிறது. நான் பேச ஆள் இல்லை என்று எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை.

இப்போது அவள் மகள் அவளைத் தருமபுரிக்கே கூட்டிப்போகிறாளாம். வெள்ளிக்கிழமை வண்டி வருகிறது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறாள். இன்றைக்குப் புதன். அவள் போவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். புத்தகத்துக்கு என்று ஆரம்பித்த எழுத்து, எழுத எழுத அவளுக்கு என்று ஆகிவிட்டது.

பாடம் சொல்லப் போகிற பிள்ளைகளுக்கும் இதுதான் என் அனுபவம். தனியாக வந்து சொன்னதைத் தனியாகப் போய்த்தான் பேச வேண்டும். கல்யாணம் எப்படியும் நிற்க வேண்டியதுதான். நான் முதலில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். தப்பு என்னுடையது.

லீவுக்கு வந்திருக்கிற பேத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "ஆயா, ரெண்டு தெருதான. நேர்ல போயி சொன்னா ஆவாதா?" என்றாள்.

"நேர்ல போனா மறுக்கா நாந்தான் பேசுவேன், அவ கேட்டுக்கிட்டு நிக்கணும். காயிதமா இருந்தா அவ படிப்பா. வேணுன்னா கூப்புடுவா."

"கூப்புடலன்னா?"

"கூப்புடலன்னா அது அவ இஷ்டம். இந்தா, சத்தமா படி. எங்கயாச்சும் நான் என்னயே மெச்சிக்கிற மாதிரி கேட்டா அங்க நிறுத்து, அடிச்சிருவோம். மொதல்ல இருந்து படி சாமி."