மாமனார் படையலில் வைத்த குவாட்டர்

என் மகனுக்கு முதன்முதலில் பிராந்தி கொடுத்தது யார் என்று கேட்டால், கெட்ட சேர்க்கை என்றோ, பள்ளிக்கூட வாசலில் சுற்றுகிற தறுதலைகள் என்றோ பழியைத் தள்ளிவிட எனக்கு வழியில்லை. கொடுத்தது நான்.

எங்கள் பக்கத்தில் இறந்தவர்களின் நினைவு நாளுக்குப் படையல் போடுவோம். உயிரோடு இருந்தபோது அவர்களுக்கு எது பிடிக்குமோ அது இலையில் இருக்க வேண்டும். என் மாமனார் அடுத்தவர் கழனியில் காலமெல்லாம் கூலிக்கு உழைத்தவர். அவருக்குப் பிடித்தது கருவாட்டுக் குழம்பும் சுருட்டும் ஒரு குவாட்டர் பிராந்தியும். படையல் முடிந்ததும் குவாட்டரை ஆண்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். வீட்டு ஆண் பிள்ளைகளுக்கும் பாட்டில் மூடியில் கொஞ்சம் கிடைக்கும். அதற்குத் 'தாத்தா பிரசாதம்' என்று பெயர். மகன் ஐந்தாவது படிக்கும்போது அந்த மூடியை அவன் வாயில் ஊற்றினேன். அவன் முகத்தைச் சுளித்து இருமியதைப் பார்த்து வீடே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற கம்பெனியில் வேலை செய்கிறார். ஃபர்னஸ் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கிற உடம்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டே குடிப்பார். நான் மீன் வறுத்துக் கொடுப்பேன், மகன் தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து வைப்பான். 'ரோட்ல உழுந்து கெடக்காம ஊட்லயே குடிக்கிறாரே' என்று நான் வேலைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் கூட வருகிற பெண்களிடம் பெருமை வேறு பேசியிருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மகன் பத்தாவது படித்த வருடம், படையலுக்கு ஒரு வாரம் முன்பே குவாட்டரை வாங்கி மாமனார் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். செத்தவருக்கு என்று எடுத்து வைத்ததை யார் தொடுவார்கள் என்ற நினைப்பு. அன்று இலை போட்டு, கற்பூரம் காட்டுவதற்கு முன் நான்தான் மூடியைத் திறந்தேன். அழுத்தித் திருகாமலே திறந்துகொண்டது. இருந்த அவசரத்தில் அதையெல்லாம் யோசிக்கவில்லை.

கும்பிட்டு முடித்ததும் கொழுந்தனார் ஒரு மடக்கு குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா அண்ணி இது? டீத்தண்ணி கணக்கா கீது!"

கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று எல்லோரும் சிரித்தார்கள். மகன் மட்டும் சிரிக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். திருகாமலே திறந்த மூடி அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

உறவுக்காரர்கள் கிளம்பும்வரை பொறுத்திருந்துவிட்டு, அறைக்குள் இழுத்துப் போய்க் கன்னத்தில் ஒன்று வைத்தேன்.

"எந்த நாய்டா இத உனக்குக் கத்துக் குடுத்துது?"

"நீதாம்மா குடுத்த. வருசா வருசம் குடுத்துகினுதான கீற."

அடுத்த அடிக்கு ஓங்கிய கை அப்படியே இறங்கிவிட்டது. பிறகு அவனே அழுதுகொண்டு சொன்னான். நாங்கள் இரண்டு பேரும் ஷிப்டில் இருக்கும்போது, ஸ்கூல் விட்டு வந்து தினமும் கொஞ்சம் குடித்துவிட்டு, குறைந்த அளவுக்குக் கட்டன் டீயை ஊற்றி வைத்திருக்கிறான். "பரீச்சய நெனச்சா பயமா இருக்குதும்மா. அத குடிச்சா பயம் தெரில." திருட்டுத்தனம்கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தனியாக உட்கார்ந்து, பயத்துக்கு மருந்தாகக் குடித்திருக்கிறானே, அதுதான் என்னை உலுக்கியது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவள் என்பார்களே, அது சாட்சாத் நான்தான்.

வீட்டுக்காரர் முதலில், "ஆம்பளப் புள்ள, ஒருதபா தொட்டுட்டான், உடு" என்றார். எனக்கு வந்ததே கோபம். "யோவ், குடிக்காதடான்னு அவனாண்ட சொல்ல உனக்கு வாய் வருமா? போய்ச் சொல்லிட்டு வா, பாக்கலாம்" என்றேன். மனுஷன் எழுந்து மகன் அறை வாசல்வரை போனார். கதவைத் திறக்காமலே திரும்பி வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பாட்டில் வரவில்லை.

அதன் பிறகு எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. நான் சூப்பர்வைசரிடம் மல்லுக்கட்டிக் காலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டேன். மகன் வருவதற்குள் வீட்டில் இருந்து, அவன் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன். எனக்கு அவன் பாடம் ஒரு எழுத்து புரியாது, ஆனாலும் உட்காருவேன். குடியை விட்ட வீட்டுக்காரர் இரண்டு முறை சறுக்கினார். இரண்டு முறையும் மறைக்காமல் மகனிடமே போய், "நைனா தப்பு பண்ட்டேன்டா" என்று சொன்னார். அவரைக் கட்டிக்கொண்டது தப்பில்லை என்று எனக்கு அப்போதுதான் நிச்சயமானது.

அடுத்த வருடப் படையலில் குவாட்டர் இல்லை. கொழுந்தனார் இலையைப் பார்த்துவிட்டு, "அப்பா ஆத்மா சாந்தி அடையுமா?" என்று குதித்தார்.

"எங்கப்பன் ஆசைக்கு எம்புள்ளைய படையல் போட முடியாதுடா" என்றார் வீட்டுக்காரர்.

கொழுந்தனார் ஒரு வாய் சாப்பிடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெகு நாள் பேச்சுவார்த்தை இல்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று என் வீட்டுக்காரரைப் பார்க்க அவ்வளவு பெருமையாக இருந்தது.

இந்த வருடம் கொழுந்தனார் வேப்பம்பட்டில் வீடு கட்டி, கோபத்தை மறந்து, தாம்பூலத் தட்டோடு வந்து கிரகப்பிரவேசத்துக்கு அழைத்தார். போனோம். மத்தியானம் ஆண்கள் எல்லாம் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார்கள். அங்கே என்ன நடக்கும் என்று கீழே இருந்த பெண்கள் எல்லோருக்கும் தெரியும். வறுத்த மீன் தட்டை என் கையில் கொடுத்து மேலே அனுப்பினார்கள். பழக்க தோஷம், நானும் வாங்கிக்கொண்டு ஏறினேன்.

மேல் படியில் கால் வைக்கும்போது கொழுந்தனார் குரல் கேட்டது.

"பிளஸ் டூ முடிக்கப் போற, இன்னும் இன்னாடா சின்னப் புள்ளயாட்டம்? பிடி!"

நான் அந்தப் படியிலேயே நின்றுவிட்டேன். மகன் என்னைப் பார்க்கவில்லை.

"வேணாம் சித்தப்பா. எங்க ஊட்ல அந்தப் பழக்கம் இல்ல."

சாதாரணமாகச் சொன்னான், காபி வேண்டாம் என்று சொல்கிற மாதிரி. சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் பக்கத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னாலும் யாரோ ஒரு டம்ளர் ஊற்றி வைத்திருந்தார்கள், அதைச் சுற்றி அவர் விரல்கள் இருந்தன. மகன் சொன்னதைக் கேட்டதும் அந்த விரல்கள் விலகின.

"வாடா, கீழ போய் சாப்புடலாம்" என்று எழுந்தார்.

இரண்டு பேரும் என்னைக் கடந்து படியிறங்கினார்கள். நான் மீன் தட்டைக் கொழுந்தனாரிடம் கொடுக்கவில்லை. கீழே கொண்டுபோய் என் மகன் இலையில் வைத்தேன்.