தங்கச்சிக்கு லாசிக், எனக்கு மற்றது

கொழும்பிலிருந்து திரும்பி வந்த ரயிலில் என் தங்கச்சி வாயை மூடவேயில்லை. றொசல்ல ஸ்டேஷனின் பெயர்ப் பலகையைத் தூரத்திலேயே வாசித்துவிட்டு, "அங்க பாரு" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கறுப்புக் கண்ணாடிக்குள் எனக்கு நீர் வடிந்துகொண்டிருந்தது. எரிச்சலால் வந்த நீர்தான். கொஞ்சம் அழுகையும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

முந்தின நாள் எங்கள் இருவருக்கும் ஒரே டாக்டர்தான் லேசர் செய்திருந்தார். சின்ன வயதிலிருந்தே இருவருக்கும் கண்ணாடி. எங்கள் தேயிலைத் தோட்டத்து மழையிலும் பனிமூட்டத்திலும் அதைத் துடைத்துத் துடைத்தே சலித்துப் போயிருந்தோம். தங்கச்சிக்கு லாசிக். கருவிழியின் மேல்பகுதியை மெல்லிய மூடி போல வெட்டித் தூக்கி, உள்ளே லேசர் அடித்து, திரும்ப மூடிவிடுவார்கள். மறுநாளே பார்வை தெளிந்துவிடும். என் கருவிழி மெல்லியது, வெட்டக் கூடாது என்றார் டாக்டர். எனக்கு பிஆர்கே. மேல்தோலை வழித்துவிட்டு லேசர் அடிப்பது. தோல் வளரும்வரை வலிக்கும், பார்வை தெளிய வாரக்கணக்காகும். "கடைசியில ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் தெரியும், பயப்படாதீங்க" என்றார். அங்கே பெரிதாகத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் அதில் ஒரு வார்த்தையைக்கூட நம்ப முடியவில்லை.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். லீவு முடிந்து போகும்போது வகுப்பில் கடைசி வாங்கில் உட்கார்ந்து யார் கை தூக்குகிறார்கள் என்றே தெரியாமல் நிற்பேனோ என்று பயந்தேன்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளின் சனங்கள் பிஸ்கட் பக்கட்டோடு பார்க்க வந்தார்கள். வந்தவர்களெல்லாம் கண் டாக்டர்களாகிவிட்டார்கள். என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "இது எத்தன டீச்சர்?" என்றார்கள். தங்கச்சியிடம் எதிர்மலையில் இருந்த தேயிலை பெக்டரியைக் காட்டினார்கள். "சின்னவளுக்குக் கூரையில இருக்கிற எழுத்துகூடத் தெரியுது. டீச்சருக்கு மட்டும் என்னா ஆச்சு? ஒரே டாக்டருதானே?"

அம்மாவுக்கு அது போதாதா? அன்றிலிருந்து அவள் முகமும் செத்துப்போனது.

பக்கத்து வீட்டுக்காரி கைக்குழந்தைக்காரி. ஒரு நாள் இடுப்பில் குழந்தையும் கையில் சின்ன டம்ளருமாக வந்தாள். "தாய்ப்பாலு டீச்சர். ரெண்டு சொட்டு விட்டா எரிச்சல் அடங்கிரும்." அம்மா என் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்தாள். வலியில் எனக்கும் புத்தி வேலை செய்யவில்லை. "எதையாவது விட்டுத் தொலைங்க" என்றேன்.

தங்கச்சி குறுக்கே பாய்ந்தாள். "மதினி, அதப் புள்ளைக்குக் குடுங்க. அக்கா கண்ணுல மேல்தோலே இல்ல. கிருமி போச்சின்னா பார்வையே போயிரும்!" அவள் போட்ட சத்தத்தில் குழந்தை வீறிட்டது.

"ஒனக்கென்னா, ஒனக்குத்தான் நல்லாயிருச்சே!" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தை எடுத்து என் கண்ணில் சொட்டு விட்டாள்.

வலி ஒரு வாரத்தில் போனது. மங்கல் போகவில்லை. தினமும் விழித்ததும் சுவரில் இருக்கும் கலண்டரைப் பார்ப்பேன். ஒரு நாள் எண்கள் கொஞ்சம் பிடிபடும், மறுநாள் திரும்பக் கரைந்துவிடும். அந்த நாட்களில் சோறே இறங்காது.

சில வாரம் கழித்து ஒரு காலை, கலண்டரில் எண்கள் நின்றன. அடியிலிருந்த பொடி எழுத்துகளும் நின்றன. நம்பாமல் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். தங்கச்சியை எழுப்பத் திரும்பினேன்.

அடுத்த கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்கும்போது ஒரு வாரம் மட்டும் போடச் சொன்ன பிளாஸ்டிக் மூடிகள் இன்னும் அவள் கண்கள் மேல் இருந்தன. இரண்டு கைகளும் சால்வையால் சேர்த்துக் கட்டப்பட்டு, சால்வையின் நுனி கட்டில் சட்டத்தில் முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

உலுக்கி எழுப்பினேன். "என்னாடி இது?"

"தூக்கத்துல கண்ணக் கசக்கிட்டேன்னா? வெட்டுன எடம் நகந்திருச்சின்னா?"

"எப்பருந்து இப்படிக் கட்டுற?"

"வந்த அன்னைக்கிலேருந்து. நீ எந்திரிக்க முன்னாடி அவுத்துருவேன். இன்னைக்கு அசந்துட்டேன்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"நீ அந்தப் பாடு படுறப்ப, எனக்குப் பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது?"

பல்லால் இழுத்துக் கட்டியிருந்ததில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. குனிந்து அவிழ்த்தேன். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. கண்ணாடி இல்லாமலே அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.