இங்கிட்டு நீ கீழ, அங்கிட்டு நான் கீழ

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், லயத்து ஜனங்களுக்கும், பச்சைப் பையிலும் நீலப் பையிலும் பொருள் வாங்கிய அத்தனை பேருக்கும் தங்கையின் வணக்கம்.

"சித்தி, அம்மாவப் பத்தி நல்லதா நாலு வரி எழுதிக் குடுங்க" என்று அக்கா மகன் கேட்டான். நாலு வரியில் அடங்குகிற ஆளா அவர்? ஒரு சோப்பு விற்கவே அரை மணி நேரம் பேசுவாரே! எனக்கு எழுத வராது. பேச வரும். பேசுவது போலவே எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது சக்குபள்ளத்தில், ஏலத்தோட்டத்துத் தொழிலாளிகளின் வரிசை வீடான லயத்தில். அப்பாவும் அம்மாவும் கம்பம் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக மலையேறி வந்தவர்கள். வீட்டுக்கு மூத்தவர் அக்கா, அடுத்து அண்ணன், கடைக்குட்டி நான். அம்மா காய் எடுக்கப் போனால் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவர் அக்காதான். எட்டாம் வகுப்போடு அவரது படிப்பு நின்றது. நான் பத்தாவது வரை படித்தேன் என்றால், அவர் ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கப் போனதுதான் காரணம். அந்த வேலையிலேயே அவருடைய குணம் தெரிந்துவிட்டது. இரண்டாம் தரக் காயை முதல் தரத்தோடு தள்ளிவிடச் சொன்ன மேஸ்திரியிடம், "சொல்லத்தான் உங்களுக்கு வருது, தள்ள எனக்குக் கை வரலையே அண்ணே" என்றாராம். மேஸ்திரி அதற்குப் பிறகு அவரை அப்படி ஏதும் சொன்னதில்லை.

கம்பம்மெட்டில் ஜீப் ஓட்டும் மாமாவுக்கு அக்காவைக் கட்டிக் கொடுத்தார்கள். மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய சமயத்தில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓமனா டீச்சர் ஒரு பச்சைப் பையோடு வீட்டுக்கு வந்தார். அதில் சோப்பு, பேஸ்ட், ஷாம்பு, சத்துப் பவுடர் எல்லாம் இருந்தன. கடையில் கிடைக்காத சரக்கு. ஆள் கையிலிருந்து ஆள் கைக்குத்தான் போகும். நாம் சேர்த்துவிடும் ஆள் நமக்குக் கீழே. அவர் சேர்ப்பவர் அவருக்குக் கீழே. கீழே இருப்பவர்கள் விற்பதில் மேலே இருப்பவருக்கும் ஒரு பங்கு வரும். டீச்சருக்குக் கீழே அக்கா சேர்ந்தார். மாமாவின் ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்து லயம் லயமாகப் போனார்.

அந்த நாட்களில் அக்காவை "சோப்பு ராணி" என்று கேலி செய்தவர்கள் உண்டு. அவர் தெருமுனையில் வருவதைப் பார்த்ததும் டிவி சத்தத்தைக் குறைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டில் ஆளில்லாதது போல இருந்தவர்கள் நம் சொந்தத்திலேயே உண்டு. பேர் சொல்ல மாட்டேன். இந்த மலர் அவர்களுக்கும் வந்திருக்கும். அக்கா அதையெல்லாம் மனதில் வைக்கவில்லை. நான்தான் வைத்திருக்கிறேன்.

என்னை சாந்தன்பாறையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தோட்டத்தில் நிழல் மரத்துக் கிளையைக் கழிக்க ஏறிய என் வீட்டுக்காரர் தவறி விழுந்தார். முதுகெலும்பு ஒடிந்து படுத்த படுக்கையானார். இரண்டு பெண் பிள்ளைகள், படுத்திருக்கும் மனிதர், நான் ஒருத்தி. பச்சைக் கம்பெனியில் அக்காவுக்குக் கீழே நானும் பேருக்குச் சேர்ந்திருந்தேன். ஆனால் வீட்டைவிட்டு வெளியே போக முடியாதவள் யாரிடம் போய் விற்பது? எனக்குக் கீழே ஒருவரும் இல்லை.

அந்த நேரத்தில்தான் சாந்தன்பாறைக்கு நீலப் பைக் கம்பெனி வந்தது. அதே சோப்பு, அதே பேஸ்ட், வேறு பேர். ஒரு நாள் அக்கா வந்து, அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏண்டி, அந்த நீலக் கம்பெனியில மொத ஆளா நீ சேரு. ஒனக்குக் கீழ நான் சேர்றேன்."

"ஒனக்குத்தான் பச்சை இருக்கேக்கா. டீச்சரு வைய மாட்டாங்களா?"

"அது என் பாடு. நான் கூட்டிட்டு வர்ற ஆளெல்லாம் ஒனக்குக் கீழதான வருவாக? நீ வீட்டுல இருந்துக்கிட்டு போன்ல ஆர்டரப் போடு. அலையிறது நான் அலையிறேன். இங்கிட்டு நீ எனக்குக் கீழ. அங்கிட்டு நான் ஒனக்குக் கீழ. சரியாப் போச்சா?"

இப்படித்தான் நாங்கள் ஒருவருக்கொருவர் மேலாகவும் கீழாகவும் ஆனோம். இப்படி ஒரு அக்கா தங்கச்சியை இந்த மலையில் வேறு எங்கும் பார்க்க முடியாது. எங்கள் வீட்டில் அது தீராத விளையாட்டானது. அக்கா வந்தால் நான் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "மேல இருக்கிறவ சொல்றேன், போய் டீ போடு" என்பேன். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "குடிச்சிட்டு டம்ளரக் கழுவி வையி. இது பச்சைக் கம்பெனி உத்தரவு" என்பார். படுத்திருந்த என் வீட்டுக்காரர் அந்த நாட்களில் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

இரண்டு கம்பெனிச் சரக்கை ஒரே ஆள் விற்பது எப்படி என்று பலர் கேட்டதுண்டு. லயத்துக்குள் நுழையும்போது அக்காவின் இரண்டு தோளிலும் இரண்டு பை தொங்கும். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். பேச்சியம்மா என்ற பெண் பச்சைப் பையிலிருந்த ஷாம்புவை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"அத வைய்யி பேச்சி. வாசந்தான் இருக்கும், முடி கொட்டும். நீலத்துல எடு."

"அப்ப பேஸ்டும் நீலத்துலயே குடுங்கக்கா."

"ஆத்தி! அது சுண்ணாம்பு மாதிரி இருக்கும். பேஸ்டுன்னா பச்சைதான்."

"இந்தச் சத்துப் பவுடரு? எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்குக்கா."

"ரெண்டு பையிலயும் அதுக்கு மருந்து இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

திரும்பி வரும்போது நான் கோபப்பட்டேன். நம் சரக்கை நாமே மட்டம் தட்டினால் எப்படி உருப்படுவது? அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒரே கம்பெனிய வெச்சுக்கிட்டு இருந்தேன்ல, அப்ப அந்த ஷாம்பு நல்லாருக்குன்னு வாய் கூசாமச் சொல்ல வேண்டியிருந்துச்சுடி. இப்ப ரெண்டு இருக்கு. உண்மையச் சொன்னாலும் வியாபாரம் கையவிட்டுப் போகாது." இரண்டு பக்கமும் கால் வைத்தவள் என்று அவரைப் பேசியவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும்.

பல வருட உழைப்புக்குப் பிறகு பச்சைக் கம்பெனியில் அக்காவுக்குத் தங்கப் பின் கிடைத்தது. நெஞ்சில் குத்திக்கொள்ளும் சின்ன இலை. நிஜத் தங்கம் இல்லை, முலாம்தான். ஆனால் அது இருந்தால் மேடையில் நாற்காலி உண்டு, வெளியூர்க் கூட்டங்களுக்கு அழைப்பு உண்டு. எட்டாம் வகுப்போடு நின்ற அக்காவை மைக்கில் "மேடம்" என்று கூப்பிடுவார்கள். அந்த இலைக்கு அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது எனக்குத் தெரியும். கூட்டத்துக்கு முந்தைய வாரம் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று எந்த இடத்தில் குத்தினால் எடுப்பாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பம்மெட்டு மண்டபத்தில் கூட்டம். எல்லாரும் பச்சைச் சேலை. ஓமனா டீச்சர் தன் கையால் பின்னைக் குத்திவிட்டார். அக்கா நன்றாகத்தான் பேசினார். கடைசியில் அந்தக் கம்பெனி வழக்கப்படி, "பச்சை படரும்!" என்று கத்த வேண்டும். கூட்டம், "பாரெங்கும் படரும்!" என்று பதிலுக்குக் கத்த வேண்டும். அக்கா சந்தோஷத்தில் கையை உயர்த்தினார்.

"நீலம் வெல்லும்!"

அதோடு போயிருந்தால்கூட வாய் தவறியது என்று சமாளித்திருக்கலாம். மண்டபத்தில் பாதிப் பேர் நீலத்தில் எனக்குக் கீழே இருந்தவர்கள். நீலக் கூட்டத்துக் கோஷம், பழக்க தோஷம்! பச்சைச் சேலை கட்டிக்கொண்டு ஒரே குரலில், "என்றும் வெல்லும்!" என்று கத்திவிட்டார்கள். நானும்தான் கத்தினேன்.

"எந்தா இது? இவிடெ என்ன நடக்குது?" என்றார் டீச்சர், தன் மலையாளம் கலந்த தமிழில்.

தங்கப் பின்னை வாங்கியவர் வேறு கம்பெனிப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்பது பச்சைக் கம்பெனிச் சட்டம். டீச்சர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. "மோளே, அடுத்த கூட்டத்துக்குள்ள ஒண்ண விடணும். நீலத்த விட்டா இந்தப் பின்னு ஒனக்குத்தான். இல்லெங்கில் திருப்பித் தரணும், கேட்டோ" என்றார்.

அக்கா நீலத்தை விட்டால் எனக்குக் கீழே இருக்கும் எல்லாரும் அவரோடு போய்விடுவார்கள். என் அடுப்பு அணைந்துவிடும். பச்சையை விட்டால் அத்தனை வருட உழைப்பும் அந்த இலையும் போய்விடும். இந்தக் கணக்கு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"நீலத்த விட்டுருக்கா. நான் எப்படியாச்சும் பொழச்சுக்கிருவேன். அந்த எலை நீ ஆசப்பட்டது."

அக்கா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எனக்கு மேல இருக்கிறவ பேசுற பேச்சா இது? வாய மூடிக்கிட்டு அந்தத் தட்ட எடு."

அடுத்த கூட்டத்துக்கு அக்கா பச்சைச் சேலைக்கு நீல ரவிக்கை போட்டு வந்தார். நேரே மேடை ஏறி, பின்னைக் கழற்றி டீச்சர் கையில் வைத்தார்.

"இந்தாங்க டீச்சர். குத்துற எடத்துல சேலை கிழியுது."

டீச்சர் பின்னை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"என் தங்கச்சிக்குக் கீழ நிக்கிறதுல எனக்கு ஒரு கொறச்சலும் இல்ல டீச்சர். அவளத் தனியா விட்டுட்டு இந்த மேடையில ஒக்காந்தா எனக்கு நாற்காலி குத்தும். பேஸ்ட் மட்டும் உங்ககிட்டயே வாங்கிக்கிறேன். அது நல்ல பேஸ்டு."

சொன்னபடியே செய்தார். கடைசி வரை அவர் தோளில் இரண்டு பையும் தொங்கின. பச்சையில் அவருக்குப் பதவி இல்லை, பங்கும் இல்லை. ஆனாலும் பேஸ்ட் கேட்டவர்களுக்கு டீச்சர் வீட்டுச் சரக்கைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த நீலத்தின் பலத்தில்தான் என் பெண்கள் இருவரும் படித்தார்கள். மூத்தவள் இன்று நர்ஸ். என் வீட்டுக்காரர் ஊன்றுகோலோடு வாசல் வரை நடக்கிறார்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது. தேனியிலும் கோட்டயத்திலும் பார்த்தோம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு சத்துப் பவுடர் டப்பாவோடு வந்தார்கள். "நான் வித்த பவுடருதானடி, எனக்கே குடுக்கிறீக. இது தெம்புக்குத்தான், சீக்குக்கு இல்லன்னு ஊரு பூரா நான் சொல்லலையா?" என்று சிரித்தார். அவர்கள் மனம் நோகக் கூடாது என்று ஒரு வாய் குடிக்கவும் செய்தார். கடைசி நாட்களில் பேச்சு குறைந்துவிட்டது. என்னைப் பார்க்கும்போது விரலால் மேலேயும் கீழேயும் காட்டி என்னைச் சிரிக்க வைக்கப் பார்ப்பார். நான் சிரித்தேன். வெளியே போய் அழுதேன்.

அவர் போன அன்று வீட்டு முற்றம் கொள்ளவில்லை. ஜீப் ஜீப்பாகப் பெண்கள் வந்தார்கள். ஓமனா டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து தலைமாட்டில் நின்றார். முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்தார். அந்தத் தங்க இலை. இத்தனை வருடமும் அதை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறார். குனிந்து அக்காவின் பட்டுச் சேலையில், நெஞ்சுக்கு மேலே குத்தினார்.

"சேலை கிழிஞ்சிரும் டீச்சர்" என்றேன். அதைக் கேட்டதும் டீச்சர் உடைந்து போனார். அந்த முற்றமே அழுதது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் என் போனுக்கு நீலக் கம்பெனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. அக்காவின் பேரை எடுத்துவிட்டதால், அவருக்குக் கீழே இருந்தவர்கள் எல்லாம் நேரே எனக்குக் கீழே வந்துவிட்டார்களாம். "வாழ்த்துகள்! உங்கள் நேரடிக் குழு வளர்ந்துள்ளது" என்று எழுதியிருந்தது. மெஷின் அனுப்பிய செய்தி, அதன்மேல் கோபப்பட்டு என்ன செய்வது? ஆனால் நான் கோபப்பட்டேன்.

அக்காவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகக் கூலி வாங்காமல் வண்டி எடுத்த கம்பம்மெட்டு ஜீப் ஓட்டுநர்களுக்கும், ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த சக்குபள்ளம் லயத்துப் பெண்களுக்கும், கடைசி வரை கூட இருந்த மாமாவுக்கும், பின்னைப் பத்திரமாக வைத்திருந்த ஓமனா டீச்சருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று கதவைச் சாத்திக்கொண்டு, காரியத்துக்கு மட்டும் தவறாமல் வந்தவர்களுக்கும் நன்றி. அக்கா இருந்தால் அதைத்தான் முதலில் சொல்லச் சொல்லியிருப்பார்.

இப்போது இரண்டு பையையும் நான் தூக்குகிறேன். பேஸ்டுக்குப் பச்சை, ஷாம்புக்கு நீலம் என்றுதான் சொல்கிறேன். அக்கா எனக்குக் கீழே நின்றவர் என்றுதான் அந்தக் கம்பெனிக்குத் தெரியும். தூக்கி நிறுத்துகிறவள் கீழே நிற்காமல் வேறு எங்கே நிற்பாள்?