சூடம் அடித்த ஒப்பந்தம்

சூடம் அணைத்துச் சொன்ன சொல், சொன்னவர் செத்த பிறகு யாரைக் கட்டும்? எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை.

நேற்று மாலை பையனுக்குத் திருஷ்டி கழிக்கச் சூடம் ஏற்றினேன். அவன் ஒரு தும்மல் தும்மினாலே சுற்றிப் போடுகிறவள் நான். என் மாமியாரே சிரிப்பார். வாசனை எழுந்ததும் கம்பத்து பஸ் ஷெட் கண்முன் வந்துவிட்டது. அங்கே வண்டி கிளம்புமுன் சூடம் காட்டுவார்கள்; எனக்குச் சூடம் டீசல் நாற்றத்தோடு சேர்ந்துதான் வரும்.

அப்பா கம்பத்திலிருந்து குமுளிக்கு மலைவண்டி ஓட்டினார். முன்பக்கம் மூக்கு நீண்ட பழைய பஸ். டிரைவர்கள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். கம்பெனியிடம் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: மலை ஏறி இறங்கி வந்தவரை, தூங்கி எழ விடாமல் மறுபடி மலைக்கு அனுப்பக் கூடாது.

பேச்சுவார்த்தைக்குப் போகுமுன் வீட்டில் ஒத்திகை நடக்கும். என்னை முக்காலியில் உட்கார வைத்து, "நீதான் முதலாளி. நான் எது கேட்டாலும் முடியாதுன்னு சொல்லணும்" என்பார். அவருடைய சிவந்த கண்ணைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. "சரிப்பா, போய்த் தூங்குங்க" என்றுவிடுவேன்.

"இப்படி ஒரு முதலாளி வாய்ச்சா சங்கம் எதுக்குடி?" என்று சிரிப்பார்.

நிஜ முதலாளி லேசில் மசியவில்லை. கடைசியில் ஒரு நாள் எல்லோரையும் மாரியம்மன் கோயிலுக்கு வரச் சொன்னார். அப்பா தோளில் நானும் போனேன். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார் முதலாளி. "ஓய்வு குடுக்காம ஒருத்தரையும் மலைக்கு அனுப்ப மாட்டேன். ஆத்தா சாட்சி."

சங்கத்துக்கு உதவ மதுரையிலிருந்து வந்திருந்த தோழர் மட்டும் அப்பாவின் காதருகே, "அண்ணே, எழுதிக் கையெழுத்து வாங்கிருங்க" என்றார்.

"சூடம் அடிச்ச மனுசன்கிட்ட பேப்பரை நீட்டவா? ஆத்தாவையே நம்பலைன்னு ஆயிடும்ல?" என்றார் அப்பா.

"சாமி கும்பிடாத ஆளுக்கு இதோட அருமை எங்கிட்டுத் தெரியும்?" என்று இன்னொரு டிரைவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தோழரும் சேர்ந்து சிரித்தார். பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பெரிய முதலாளி இருந்தவரை சொல் நின்றது. அதை மறைக்கக் கூடாது. அவர் காலமானதும் மகன் வந்தார், தூங்க விடாமல் மலைக்கு அனுப்பும் இரண்டாம் நடையும் வந்தது. அப்பா போய் நினைவூட்டியதற்கு, "சூடம் அடிச்சது எங்கப்பா. நான் அடிக்கலையே. பேப்பர் இருந்தா காட்டுங்க" என்றாராம்.

அந்த மழைக்காலத்தில், தூங்காமல் ஏறிய ஒரு நடையில், வளைவில் அப்பா கண்ணயர்ந்தார். திடுக்கிட்டு விழித்தவர் வண்டியைப் பள்ளத்துக்கு விடாமல் மலைப்பக்கம் மோதினார். பயணிகள் பிழைத்தார்கள். அப்பாவுக்கு வலது கால் போயிற்று. கவனக்குறைவு என்று சொல்லி வேலையையும் எடுத்துவிட்டார்கள். சாகும்வரை, "பெரியவுக இருந்திருந்தா இப்படி விட்டிருக்க மாட்டாக" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பேப்பரைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இன்று அந்தக் கம்பெனி இல்லை. ஷெட் இருந்த இடத்தில் மரக்கடை. மூக்கு வண்டிகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். அடித்த சூடத்துக்குப் பயந்து நடக்கிற முதலாளிகளும் அவற்றோடு போய்விட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். என் நினைப்பு தப்பாகவும் இருக்கலாம். மலை மட்டும் அப்படியே இருக்கிறது. என் கணவர் வேறொரு கம்பெனிக்காக அதே பாதையில் ஓட்டுகிறார். அவர்கள் சங்கமும் அதே தூக்கத்தைத்தான் கேட்கிறது.

நேற்று சூடம் அணைவதற்குள் அவர் வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "மேனேஜர் கோயிலுக்கே வந்து சூடம் அடிக்கிறேன்னுட்டாக. எழுத்தெல்லாம் எதுக்கு, ஆடி முதல் வெள்ளி முடிச்சிருவோம். எல்லாம் மாமா காட்டுன வழி" என்றார். அவர் போடிப் பக்கத்துக்காரர். பேப்பர் வேண்டாம் என்றது என் அப்பாதான் என்பது அவருக்குத் தெரியாது.

அவரிடம் சொல்லிவிடட்டுமா என்று காலையில் அம்மாவிடம் கேட்டேன். "செத்தவுகளை மருமகன் முன்னாடி சின்னப்படுத்தாத ஆத்தா" என்று அழுதாள்.

சொன்னால் அப்பா சிறுத்துப்போவார். சொல்லாவிட்டால், என் பையனும் ஒரு நாள் சிவந்த கண்களைப் பார்த்துக்கொண்டு முக்காலியில் உட்காருவான். நீங்களாக இருந்தால் சொல்வீர்களா? சொல்வதென்றால் எந்த வார்த்தையில் தொடங்குவீர்கள்? ஆடி பிறப்பதற்குள் எழுதுங்கள்.